ஒரு புகைபோக்கி, இரண்டு அடுப்பு

எனக்குச் சிரிப்பு சட்டென்று வந்துவிடும் ஐயா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாவு வீட்டில்கூட முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு என்னவோ காலையிலிருந்தே மனசு காற்றடைத்த பலூன் மாதிரி இருக்கிறது. அதனால் கேட்பதையெல்லாம் கேளுங்கள், சொல்லிவிடுகிறேன்.

வீட்டைப் பார்த்தீர்கள் அல்லவா? கீழே நான், மாடியில் தம்பியும் அவன் பெண்டாட்டியும். நடுச்சுவருக்குள்ளே புகைபோக்கி. அம்மா போனபோது அவன் பால்பல் விழாத பிள்ளை. கோட்டுகளுக்குப் பொத்தான் தைத்துத்தான் அவனை வளர்த்தேன். எனக்கென்று ஒரு கல்யாணம் வேண்டுமென்று தோன்றவே இல்லை, நேரம் எங்கே இருந்தது? அவன் வளர்ந்து கடைகளுக்குப் போர்டு எழுத ஆரம்பித்தான். ஸ்கேல் வைக்காமல் ஒரு கோடு இழுப்பான், நூல் பிடித்தது மாதிரி நிற்கும்.

கல்யாணம் ஆனதும் தனி வீடு பார்க்கிறேன் என்றான். எதற்கு வீண் அலைச்சல், மாடியில் இன்னொரு விறகு அடுப்பு வைத்துவிட்டால் ஆயிற்று என்றேன். பழைய புகைபோக்கி இருக்கவே இருக்கிறது. கொத்தனார் வந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், மூக்கைச் சொறிந்தார்.

"ஒரு உறையில ரெண்டு கத்தி வெக்கலாமாம்மா? ஒண்ணோட புகை இன்னொண்ணு வழியா ரூமுக்குள்ள வரும். புகையாச்சும் கண்ணுக்குத் தெரியும். தணல்லேர்ந்து வர்ற விஷக்காத்து கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது."

வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் இரண்டு தரம் டீ போட்டுக் கொடுத்துக் கெஞ்சினேன். கடைசியில் இரண்டு அடுப்பின் குழாயிலும் இழுத்து மூடுகிற மாதிரி ஒரு இரும்புத் தகடு வைத்துக் கொடுத்தார். இரண்டு அடுப்பும் சேர்ந்து எரியவே கூடாது. எரியாத அடுப்பின் தகடு எப்போதும் மூடியிருக்க வேண்டும். இதற்குத்தான் தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். கரண்டியால் குழாயில் ஒரு தட்டு தட்டினால், 'பற்றவைக்கிறேன், உன் தகட்டை மூடு.' இரண்டு தட்டினால், 'இங்கே அணைந்துவிட்டது, நீ திறந்து மூட்டிக்கொள்.'

எப்பேர்ப்பட்ட விளையாட்டு தெரியுமா அது! நான் இரண்டு தட்டினால், அவன் பதிலுக்கு டணடணவென்று ஒரு தாளமே போடுவான். நான் கீழே தனியாக நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பேன். அவன் பெண்டாட்டிதான், "குழாய் ஓட்டையாயிடும், போதும்" என்பாள். சர்க்கரையை எறும்புக்கு எண்ணிப் போடுகிற ரகம் அவள். தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிற வேலை, அதனால் எல்லாமே அதனதன் பெட்டியில் இருந்தாக வேண்டும்.

ஒருநாள் என் அடுப்பை மூட்டும்போது தட்ட மறந்துவிட்டேன், மாடித் தகடு திறந்தே கிடந்தது. சத்தியமாக மறதிதான். இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். தலை சுற்றுகிறது என்கிறார்கள், கால் பின்னுகிறது, காரணமே இல்லாமல் சிரிக்கிறார்கள். அவள் வாசலில் வாந்தியெடுத்தாள். அவன் என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டான். நெற்றியைத் தேய்த்துவிட்டேன்.

"உன் கை பட்டாத்தான்க்கா வலி போகுது" என்றான்.

அவன் அப்படிப் படுத்து எத்தனை வருஷம் ஆகியிருந்தது! அன்று சாயங்காலம்வரை மூன்று பேரும் கஞ்சி குடித்துக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்திருந்தோம். என் வாழ்க்கையிலேயே அதுபோல ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

அதற்குப் பிறகு அவ்வப்போது மறந்தேன். அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்புகிற அன்றைக்கு மறப்பேன். இருவரும் சினிமாவுக்குப் போக ஏற்பாடு செய்திருந்தால் மறப்பேன். டாக்டர் இரத்தம் குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதையும் நான்தான் வேளாவேளைக்கு எடுத்துக் கொடுத்தேன். மாடி ஜன்னலில் குளிர்காற்று வருகிறது என்று பாவம் அவள் சொன்னாள். இடுக்கெல்லாம் பஞ்சு வைத்து அடைத்து, கனமான திரையும் தைத்துப் போட்டேன். "எவ்ளோ பாசம்க்கா உங்களுக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண்தான், ஐயா.

பிறகு அவளுக்கு மாற்றல் வந்தது. கடலோர ஊர். அங்கே வருஷம் முழுக்க வெயிலாம், வீட்டில் அடுப்பே மூட்ட வேண்டாமாம். சொல்லும்போதே அவள் முகம் பூரித்துப் போயிற்று. தம்பியும், "அக்கா, லீவுக்கு லீவு வந்துடுவோம்" என்றான். லீவுக்கு வருகிறவனுக்கு விருந்தாளி என்று பெயர். நான் விருந்தாளியையா வளர்த்தேன்?

அவளுக்கு ஏதோ சந்தேகம் வந்திருக்க வேண்டும். "நேத்து நீங்க தட்டவே இல்லையேக்கா" என்று ஒருநாள் கேட்டாள். அதிலிருந்து நான் இரண்டு தட்டு தட்டாதவரை மாடித் தகடு திறக்காது என்று ஆயிற்று. சரி, தட்டினால் போயிற்று.

அவர்கள் கிளம்ப வேண்டிய அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது, அடுப்பு மூட்டாமல் இருக்க முடியாத குளிர். ரயில் சாயங்காலம். மேலே பெட்டி கட்டுகிற சத்தம். கொஞ்சம் தலைசுற்றல் வந்து ரயிலை விட்டால் போதும் என்பதுதான் என் கணக்கு. என் அடுப்பு நிறையக் கரி போட்டுத் தணலாக்கினேன். கரண்டியை எடுத்து இரண்டு தட்டு தட்டினேன். 'அணைந்துவிட்டது, திறந்துகொள்.'

தகடு கிறீச்சென்று திறந்தது. உடனே பதிலுக்கு அவனுடைய தாளம். போகிற நாள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே போட்டான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஒரு கோட்டு பாக்கி இருந்தது, தைக்க உட்கார்ந்தேன். முதலில் பேச்சுச் சத்தம் நின்றது. அப்புறம் ஏதோ விழுந்தது. ஜன்னலை யாரோ கையால் அறைந்தார்கள், கொஞ்ச நேரத்தில் அதுவும் ஓய்ந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பாதியில் விட்டால் தையல் கோணிப்போகும். தூரத்தில் ரயில் கூவிக்கொண்டு போன பிறகுதான் படியேறினேன். அவள் ஜன்னலடியில் கிடந்தாள். அவனுக்கு மூச்சு இருந்தது. அவனை மட்டும் அக்குளில் கைகொடுத்து இழுத்து இறக்கினேன். திரும்ப ஏறிப் போயிருக்கலாம்தான். ஆனால் அவன் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தானே, அப்படியே போட்டுவிட்டா போவது? அவளுக்கும் அப்போது மூச்சு இருந்தது, ஐயா. ஒளிக்க என்ன இருக்கிறது?

இப்போது அவனால் ஒரு எழுத்துகூட எழுத முடியாது. பிரஷைக் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். அவள் எங்கே என்று ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்கிறான். முன்னாடியே ஊருக்குப் போயிருக்கிறாள் என்பேன். "நாம போக வேணாமாக்கா?" என்பான். வேண்டாம் என்றால் சரி என்று தலையாட்டி வாயைத் திறப்பான். நான் ஊட்டுவேன். சண்டை இல்லை, அவசரம் இல்லை. இப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்று கனவிலும் நினைத்ததில்லை.

எல்லாம் நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன், ஆனால் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். என்னைத் தவிர வேறு யார் ஊட்டினாலும் அவன் வாயைத் திறக்க மாட்டான். தன்னால் ஒன்றும் செய்துகொள்ள முடியாத ஒரு பிள்ளையை இப்படித் தவிக்கவிட உங்களுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ, எனக்கு அதுதான் புரியவில்லை.