நிரப்புவதற்குப் போட்ட கல்

ஏரியின் இரைச்சலையும் எங்கள் கல்லுருட்டும் எந்திரங்களின் இரைச்சலையும் ஒருங்கே பொறுத்தருளும் அவைத்தலைவர் ஆர்னே பெர்க்ஸ்ட்ரோம் அவர்களே! தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தை நமக்குத் திறந்துவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டியை மட்டும் பூட்டிவைத்திருக்கும் போதகர் அவர்களே! கரையோரம் குனிந்து குனிந்து கூனே விழுந்தாலும் கல் பொறுக்குவதைக் கைவிடாத பெரியோர்களே! கணவன்மார் கொண்டுவந்து கொட்டும் கற்களுக்காகக் காலணி அலமாரியைக் காலிசெய்து கொடுத்த கருணைத் தாய்மார்களே! புது எந்திரத்தைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் புதுமுகங்களே! பள்ளிப் பேருந்து ஓட்டி, பிள்ளைகளை அதட்டி அதட்டியே குரல் வளர்த்த சிக்னே மாக்கியின் அன்பு வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியதாகுக!

கல்லுருட்டும் கலையைப் புதியவர்களுக்கு எடுத்துச் சொல்லும்படி தலைவர் பணித்தார். "சுருக்கமாப் பேசு சிக்னே, காப்பி ஆறிப்போயிடும்" என்றும் பணித்தார். ஆறட்டும் தலைவரே! சுப்பீரியர் ஏரி ஒரு கல்லை உருட்டி வழவழப்பாக்க எத்தனை யுகம் எடுத்துக்கொள்கிறது? அதற்கு யாராவது காப்பி ஆறுகிறது என்று சொன்னீர்களா?

நண்பர்களே, அந்த ஏரி யுகயுகமாய்ச் செய்வதை நாம் ஒரு ரப்பர்ப் பீப்பாய்க்குள் ஒரு மாதத்தில் செய்யப் பார்க்கிறோம். எத்தனை பேராசை! எத்தனை பேரன்பு! கல்லைப் போடுங்கள், கடினமான கல்லைக் கடினமான கல்லோடு போடுங்கள். அரைப்புத் தூளைப் போடுங்கள், முதல் வாரம் முரட்டுத் தூள், பிறகு நடுத்தரம், பிறகு நயமானது, கடைசியில் மெருகுத் தூள். கல் மூழ்கும்வரை தண்ணீர் விடுங்கள். மூடுங்கள், ஓடவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கழுவுங்கள். முரட்டுத் தூளில் ஒரே ஒரு துகள் மெருகுக்குள் புகுந்துவிட்டால் மாதம் முழுதும் பட்ட பாடு மண்ணாய்ப் போகும். கழுவிய சேற்றை எங்கே கொட்டுவது? என்ன, அங்கே பின்னாலிருந்து யாரோ "தொட்டியில" என்கிறீர்களே! வேண்டாம் ஐயா, வேண்டவே வேண்டாம்! குழாய்க்குள் போன கல்சேறு சிமெண்டாய் இறுகிவிடும். போதகர் ஏன் தொட்டியைப் பூட்டினார் என்று இப்போது விளங்குகிறதா?

இவையெல்லாம் எந்திரத்தோடு வரும் தாளிலேயே இருக்கின்றன. தாளில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் நான் மேடையேறினேன். பீப்பாய் முக்கால்வாசி நிறைந்திருக்க வேண்டும். குறைந்தால் கல்லும் கல்லும் மோதி உடையும். ஆகவே நாம் என்ன செய்கிறோம்? கையில் அகப்பட்ட ஏதோ ஒரு கல்லை இட்டு நிரப்புகிறோம். அந்த 'ஏதோ ஒரு கல்' இருக்கிறதே, அங்கேதான் வம்பு!

எதிர்வீட்டு வைனோ காங்கஸைத்தான் சொல்கிறேன். தலையைத் தொங்கப்போடாதே வைனோ, உன்னிடமும் உன் மனைவி லெம்பியிடமும் கேட்டுக்கொண்டுதானே வந்தேன்!

வைனோவின் மகள் மார்லிஸ். இந்தக் குளிர் போதும் என்று அரிசோனாவுக்குக் குடிபெயரக் கிளம்பினாள். அன்று இவர், "போறவ அப்படியே போ. திரும்பி இந்த வாசப்படிய மிதிக்காதே!" என்று சொல்லிவிட்டார். சொன்ன வாய் அன்றிரவே வருந்தியது. ஆனால் வருந்திய வாய் திறந்ததா? இல்லை! ஆண்டுகள் ஓடின. மகள் அம்மாவிடம் மட்டும் தொலைபேசியில் பேசுவாள். போன கோடையில் ஒரு நாள், "சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வரேம்மா. பெட்டியக் கார்லேருந்து இறக்க மாட்டேன். அவர் பேசற விதத்தப் பாத்துட்டு அப்படியே கிளம்பிடுவேன்" என்றாள்.

வைனோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர் என்ன செய்வார்? கல்லுருட்டினார்! ஏற்கெனவே மெருகேறிய, வரிவரியாய் நிறம் ஓடும் அகேட் கற்களை மகளுக்கென்று பட்டுப்பையில் கட்டிவைத்தார். அதோடு நிறுத்தினாரா? அடுத்த தொகுப்பையும் தொடங்கினார். பீப்பாயில் ஒரு பிடி குறைந்தது. சமையலறை ஜன்னலில் ஒரு கல் இருந்தது. எடுத்துப் போட்டார், மூடினார், முடுக்கினார்.

அது என்ன கல்? மார்லிஸ் நாலு வயதில் கரையிலிருந்து தூக்கிவந்த கறுப்புக் கல். உருளைக்கிழங்கு என்று சொல்லி அம்மாவைச் சூப்பில் போட வைத்த கல். அம்மாவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துக் கண்ணும் வாயும் வரைந்த கல். மகள் இல்லாத வீட்டில் லெம்பி தினமும் காலை வணக்கம் சொன்ன கல்!

வெள்ளிக்கிழமை ஏலக்காய் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே லெம்பி ஜன்னலைப் பார்த்தாள்.

"வைனோ, என் உருளைக்கிழங்கு எங்க?"

"கூடையில இருக்குமே."

"கல்லு உருளைக்கிழங்குய்யா!"

"அதுவா... பீப்பாயில கொஞ்சம் குறைஞ்சுது. நிரப்பறதுக்குப் போட்டேன்."

"நிரப்பறதுக்கா? என் பொண்ணு முகம் உனக்கு நிரப்பறதுக்கா? திற அத!"

"இன்னும் வாரம் முடியலையே லெம்பி. முதல் வாரம் திறக்கக் கூடாதுன்னு சங்கத்துல..."

"சங்கமா? இரு, அந்தச் சங்கத்தையே கூப்பிடறேன்!"

கூப்பிட்டாள். சங்கமாகிய நான் ஓடினேன். மாவு கையோடு நின்ற லெம்பியைப் பார்த்தேன். விதியாவது வெங்காயமாவது! கீழ்த்தளத்துக்கு இறங்கி, பீப்பாயின் மூடியை நானே நெம்பினேன். சாம்பல்நிறச் சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவி எடுத்தோம். கண் இல்லை, வாய் இல்லை, சிவப்பென்று ஒரு பொட்டு இல்லை. மொழுமொழுவென்று ஒரு கறுப்புக் கல். லெம்பி படியேறிப் போய்விட்டாள். "நாளைக்கு மார்லிஸ் வந்து ஜன்னலப் பாப்பாளே சிக்னே... அதையும் நான்தான் தூக்கி எறிஞ்சேன்னு நெனப்பாளே" என்று வைனோ குழறினார்.

மறுநாள் என் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். சிரிக்காதீர்கள், நீங்களாக இருந்தால் பார்க்கமாட்டீர்களா? கார் வந்தது. மார்லிஸ் இறங்கினாள், வாசப்படிக்குக் கீழேயே நின்றாள். கதவு திறந்தது. வைனோ வந்தார். பட்டுப்பை எங்கே? பளபளக்கும் அகேட் எங்கே? கையில் இருந்தது அந்தக் கறுப்புக் கல் ஒன்றுதான்! மகளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"உன் உருளைக்கிழங்க நான் அழிச்சுட்டேம்மா. தெரியாம செஞ்சுட்டேன். என்ன மன்னிச்சுடு."

எதற்குக் கேட்ட மன்னிப்பு? கல்லுக்கா? கல்லுக்கு மட்டுமா? அந்த வாய் தன் வாழ்நாளில் முதன்முதலாகச் சொன்ன சொல் அது! மார்லிஸ் கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்னப்பா இது, தோல் சீவிட்டீங்களா?"

அவ்வளவுதான்! அப்பனும் மகளும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே அழுதார்கள். உள்ளேயிருந்து லெம்பி, "நகப்பூச்சு எடுத்துட்டு வரட்டுமா?" என்று கத்தினாள். வைனோ விறுவிறுவென்று காரிடம் போய்ப் பின்கதவைத் தட்டினார்.

"பெட்டிய இறக்கட்டுமாம்மா?"

"இறக்குங்கப்பா. கனமா இருக்கும், பாத்து."

ஒரு வாரம் தங்கினாள் மார்லிஸ். இதோ, இந்த மேடையில் இருக்கிறது அந்த உருளைக்கிழங்கு. மார்லிஸ் மறுபடி வரைந்த கோணல் வாய், ஒரு கண் பெரிசு, ஒரு கண் சின்னது. லெம்பி இரவல் கொடுத்திருக்கிறாள், கூட்டம் முடிந்ததும் ஜன்னலுக்குத் திரும்ப வேண்டும்.

புதியவர்களே, முரட்டுத் தூளை மறந்தாலும் மெருகுத் தூளை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பீப்பாய் குறையும்போது கைநீட்டுமுன், "இது யாரோட கல்லு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்! கேட்டால் எந்தக் கல் தேயும்? கேட்டால் எந்தக் கை குறையும்? வைனோவே முன்மொழிந்து, சங்கத்தின் முதல் விதியாக அதைத்தான் எழுதிவைத்திருக்கிறோம்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், காப்பியை மீண்டும் சுடவைக்கப்போகும் தலைவருக்கும், தங்கள் வீட்டுக் கதையைத் தந்த வைனோவுக்கும் லெம்பிக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. உங்கள் வீடுகளில் எந்திரம் ஓயாமல் உருளட்டும், தொட்டிக் குழாய்கள் அடைபடாமல் ஓடட்டும், தூரம் போன பிள்ளைகளின் பெட்டிகள் வாசலில் இறங்கட்டும். வணக்கம்!