வலது மூலையில் ஒரு கோடு

மவுஸை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அம்புக்குறி திரையின் மூலையைத் தாண்டிப் போகாது. அதனால் மூலையில் இருக்கும் பொத்தானுக்குக் குறி பார்க்கவே வேண்டாம். உங்கள் மேசையிலும் முயன்று பாருங்கள், ஐயா.

கராகண்டாவில் எங்கள் நிறுவனம் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மென்பொருள் எழுதுகிறது. கீழே வாயு ஏறினால் கட்டுப்பாட்டறைத் திரை முழுக்க எச்சரிக்கைச் சாளரம் விரியும். அதன் தலைப்பட்டையில் இரண்டே குறிகள். சிறு கோட்டை அழுத்தினால் சாளரம் ஒதுங்கி, வாயு இறங்காவிட்டால் சற்று நேரத்தில் மறுபடி கூவும். பெருக்கல் குறியை அழுத்தினால் எச்சரிக்கையே முடிந்துவிடும்.

அந்தப் பட்டையை முதலில் வரைந்தவன் நான். இரண்டு குறிகளும் ஒட்டி ஒட்டி இருந்தன. தோக்ஜான் வேலைக்குச் சேர்ந்ததும் கோட்டை வலது மூலைக்கும், பெருக்கல் குறியை இடது கோடிக்கும் நகர்த்தினாள். மூடுவதற்கு முன் ‘நிச்சயமா?’ என்று கேட்கவும் வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

கட்டுப்பாட்டறையில் திரையைக் கவனிக்கும் குவானிஷ் அவளிடம் பாவுர்சாக் பணியாரத் தட்டை நீட்டினார். “என் கைக்கே கண்ணு குடுத்திட்டியேம்மா! டீ குடிச்சிக்கிட்டே தட்டி விடுறேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “மர்லேன் தம்பி, உன்னோடத அழுத்துறதுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியணும்பா.”

எல்லோரும் சிரித்தார்கள். “விடுங்க மாமா, அண்ணன் பாவம்,” என்றாள் அவள்.

அடுத்த மாதம் அவளைக் குழுவுக்குத் தலைவியாக்கினார்கள். நான் கை தட்டினேன்.

தன் தம்பி கல்யாணத்துக்கு அவள் ஷிம்கென்ட் போயிருந்தபோது, அவள் பெயரில் ஒரு திருத்தம் அனுப்பினேன். இரண்டு குறிகளையும் இடம் மாற்றினேன், கேள்வியை எடுத்துவிட்டேன். அங்கே யாரும் குறியைப் பார்ப்பதில்லை, கைதான் போகும். அவளுக்கு ஒரு திட்டு விழும், அதற்கு மேல் நான் எதுவும் நினைக்கவில்லை.

மறுநாள் காலை குவானிஷின் பின்னால் நின்றிருந்தேன். சாளரம் விரிந்தது. அவர் தொலைபேசியை எடுத்து, “கிழக்குப் பக்கம் வாயு ஏறுது, காத்தாடி வேகத்த கூட்டுங்கடா,” என்றபடி மவுஸை வலது மூலைக்குத் தட்டினார். எச்சரிக்கை அணைந்தது. அது மறுபடி கூவாததால் வாயு இறங்கிவிட்டது என்று நம்பி, ஆட்களை மேலே கூப்பிடவில்லை.

நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அவராகவே கண்டுபிடித்து அவளைத் திட்டட்டும் என்று காத்திருந்தேன். என் கோப்பையில் டீ ஆறியது. பிறகு தரை குலுங்கியது. கிழக்குப் பக்கத்திலிருந்து யாரும் மேலே வரவில்லை.

தோக்ஜானை நீங்கள் பிடித்து வைத்திருப்பது தவறு. மனசாட்சிக்காகத்தான் வந்தேன். நேற்றைய நாளிதழில் ஒரு நிபுணர் அவளைப் பற்றி எழுதியிருந்ததையும் திருத்தச் சொல்லுங்கள். இவ்வளவு சிறிய மாற்றத்தால் இவ்வளவு பெரிய விளைவை உண்டாக்க, மனிதக் கையின் பழக்கத்தை ஆழமாகப் புரிந்துகொண்ட ஒருவரால்தான் முடியும் என்கிறார்.

அது அவள் வேலை இல்லை, ஐயா. என்னுடையது.