ஆளில்லாத படங்கள்

பழைய யு.பி.எஸ். பேட்டரியை நான் சட்டென்று தூக்கிப் போடுகிறவன் இல்லை, சார். இன்னும் ஒரு மழைக்காலம் ஓடும் என்று ஸ்கேன் சென்டரிலும் சொல்லியிருந்தேன். ஓடவில்லை. மழையில் கரண்ட் போனது. ஸ்கேன் படங்களை எழுதிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் பெரிய டிஸ்க் பாதியில் அணைந்தது.

கள்ளக்குறிச்சியில் இதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். ரிப்பேர் புரோகிராமை ஓட்டினேன். படங்கள் பிழைத்தன, எது யாருடையது என்ற விவரம் பிழைக்கவில்லை. அப்படிப்பட்டவற்றைப் புரோகிராம் பெயரில்லாமல் ஒரு ஃபோல்டரில் கொட்டிவிடும். அதைக் காலி செய்யாமல் நான் எழுந்ததில்லை.

தேதி, வயது பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். கடைசியில் இரண்டு வயிற்றுப் படங்கள் மிஞ்சின. ஒன்றில் கட்டி, இன்னொன்று சுத்தம். அவற்றை எடுத்துக்கொள்ள வந்த இருவர் பெயரும் சாமியம்மாள். கல்வராயன் மலையில் ஊருக்கு நாலு பேருக்கு அந்தப் பெயர் இருக்கும். ஒரே பஸ்ஸில் இறங்கி வந்தவர்கள், ஒரே வயசு.

படம் எடுக்கும் ராதிகா, "ரெண்டு பேரையும் திரும்ப வரச் சொல்லிடலாம் சார்" என்றாள்.

"வந்தா ஏன்னு கேப்பாங்க. பேட்டரிக்கு இன்னா ஆச்சுன்னு கேப்பாங்க. நீ சொல்லிட்டு போய்க்கினே இருப்பம்மா."

நான் அவசரப்படவில்லை. ஒருத்தியோடு மகன் முருகவேல் வந்திருந்தான்; உளுந்தூர்பேட்டையில் சொந்த லாரி. மற்றவள் தனியாக வந்தவள். கட்டியை மகன் உள்ளவளுக்குக் கொடுத்தேன். வைத்தியம் பார்க்க வசதி உள்ள இடத்தில் நோய் இருப்பதுதானே நியாயம்.

முருகவேல் அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மறுபடி படம் எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். சாமி கரைத்துவிட்டது என்று கிடா வெட்டி, சென்டருக்கும் கறிச்சோறு கொண்டுவந்தான்.

ராதிகா இலையில் கை வைக்கவில்லை. "அப்போ அந்த இன்னொரு அம்மா?"

"ஆறிடப் போவுது, சாப்பிடு."

அதன் பிறகு அறுவடை முடிந்து, அந்த இன்னொரு அம்மாவின் புருஷன் பெரியண்ணன் எங்கள் ரிப்போர்ட்டோடு வந்தார். "ஒண்ணுமில்லன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? வலிக்குதுன்னு அழுவா. வேலைக்குப் பயந்துகினு வேஷம் போடாதடின்னு நான் ஏசினேனுங்க. சாவுற அன்னிக்கும் ஏசினேன்."

அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ராதிகா உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மைதான். கறிச்சோறு வந்த அன்றைக்கே கட்டி யாருடையது என்று எனக்குத் தெரியும். அப்போது அந்த அம்மா உயிரோடுதான் இருந்தார். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் சார்: அந்த டிஸ்க்கில் இன்றுவரை ஒரு படம்கூட ஆளில்லாமல் கிடக்கவில்லை.