எட்டாம் அமர்வு

அன்று சாயங்காலம் டீயோடு பட்டாணி சுண்டல் கொடுத்தார்கள். தனப்பிரியா தன் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "அத்தை, ஊக்கு இருக்கா? துப்பட்டா நிக்க மாட்டேங்குது" என்றாள். என் சேலை மடிப்பில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன். குத்திக்கொண்டு போனாள். மணி ஐந்தரை. மார்ச் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை.

நாமக்கல் பக்கம் பைபாஸை ஒட்டி இருக்கும் ஒரு விடுதிப் பள்ளியில் நான் பதினோரு வருடம் பெண்கள் விடுதி வார்டனாக இருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். முந்நூறு பிள்ளைகளுக்கு நான் பிரவீனா மிஸ். தனாவுக்கு மட்டும் அத்தை. என் அண்ணன் ஜெகதீஸ்வரனின் மகள், பதினோராம் வகுப்பு. அண்ணனுக்கு எருமப்பட்டியில் சின்ன வெங்காயமும் மரவள்ளியும் விவசாயம்.

எனக்குக் கல்யாணம் ஒன்று நடந்து இரண்டு வருடத்தில் முடிந்துபோனது. அதன் பிறகு என் வீடு என்பது விடுதி மாடியில் ஒரு அறை, ஒரு கட்டில், பின்கேட்டைப் பார்த்த ஒரு ஜன்னல். அந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் தபால் வழியில் உளவியல் பட்டம் வாங்கினேன். பள்ளி உளவியலில் இரண்டு வருட முதுநிலைப் பயிற்சி ஒன்று இருக்கிறது. முடித்தால் பள்ளிகளில் ஆலோசகர் வேலை, இரவில் சொந்த வீட்டில் தூக்கம். நான் விரும்பியது அவ்வளவுதான். அதிகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

விண்ணப்பத்தோடு ஒரு மாணவரைப் பற்றிய அறிக்கை வைக்க வேண்டும். வாரம் ஒரு முறையாகக் குறைந்தது எட்டு அமர்வுகள் அந்த மாணவரோடு பேசியிருக்க வேண்டும். முதல் வருடம் நான் தேர்ந்தெடுத்த பெண் மூன்றாவது அமர்வோடு டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வருடம் இன்னொருத்தியின் அம்மா ஐந்தாவது வாரத்தில் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு முறையும் விண்ணப்பம் நின்றுபோனது. வயது வரம்பு முப்பத்தைந்து. ஜூலையில் எனக்கு முப்பத்தாறு ஆகப் போகிறது. இந்த வருடக் கடைசி நாள் மார்ச் பதினொன்று.

எங்கள் பள்ளியில் வாரத் தேர்வு மதிப்பெண்ணுக்கு ஏற்ப செக்ஷன் மாறும். செக்ஷன் மாறினால் விடுதி ஹாலும் மாறும். திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் பெட்டியையும் பாயையும் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பார்கள். ஜூனில் ஏ செக்ஷனில் சேர்ந்த தனா டிசம்பரில் கடைசியான ஈ செக்ஷனுக்கு இறங்கியிருந்தாள். பொங்கல் லீவு முடிந்து வந்தவள் பெட்டியைத் திறக்கவே இல்லை. எதற்கு, மறுபடியும் தூக்கத்தானே வேண்டும் என்றாள். சோறு பாதி இறங்கவில்லை. சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது.

அறிக்கைக்கு அவள் பொருத்தமாக இருந்தாள். ஜனவரி இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, தொடங்கினோம்.

"என்னைய வெச்சு நீ டாக்டருக்குப் படிக்கப் போறயா அத்தை?"

"டாக்டர் இல்ல. மனசுக்குப் பாக்கறது."

"அப்ப நான் பைத்தியமா?"

"பைத்தியத்துக்கெல்லாம் எட்டு வாரம் பத்தாது. நீ சும்மா உக்காந்து பேசு."

சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் குறித்துக்கொண்டேன். பிறகு, "பேசறதெல்லாம் அப்பாகிட்டச் சொல்லிருவயா?" என்று கேட்டாள். இங்கே பேசுவது இங்கேயே இருக்கும் என்று சத்தியம் செய்து கொடுத்தேன். ரகசியம் காப்பது இந்தத் தொழிலின் முதல் விதி. பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பெற்றோர் வரும் நாள். அழுகிற பிள்ளையாக இருந்தால், இரண்டு மாதம் வர வேண்டாம் என்று நாங்கள் வீட்டுக்குச் சொல்லிவிடுவது வழக்கம். பார்க்கப் பார்க்க ஏக்கம் கூடும், பார்க்காவிட்டால் பழகிவிடும் என்போம். பெரும்பாலானவர்கள் மாடு வைத்திருப்பவர்கள், கன்றைப் பிரித்துக் கட்டிப் பழகியவர்கள். மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்வார்கள்.

பிப்ரவரி ஞாயிறுக்கு மூன்று நாள் முன்பு அண்ணனுக்குப் போன் செய்து அதையே சொன்னேன். என் காரணம் வேறு. அவர் வந்தால் அவள் அழுவாள், அவர் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார். அப்போது மூன்று அமர்வுகள்தான் முடிந்திருந்தன.

"செரி அம்மிணி, நீ சொன்னா செரி" என்றார். பிறகு அவரே கேட்டார்: "நான் வேண்ணா வந்து மரத்தடியில நின்னு, அவ கண்ணுல படாம ஒருக்காப் பாத்துட்டுப் போயர்றனே?"

"நீங்க அவளப் பாத்தா அவளும் உங்களப் பாத்துருவாண்ணா. ஓடியாந்திருவா."

"அப்ப உங்கண்ணி கோழிக்கொழம்பு வெச்சுத் தர்றாளாமா. கேட்டுல குடுத்துட்டு அப்படியே திரும்பிக்கறேன்."

"கொழம்பு வாசத்துலயே ஊடு ஞாபகம் வந்துரும்ணா. வேண்டாம்."

"அதுவுஞ் செரிதான். நீ பக்கத்துல இருக்கறது ஒண்ணுதான் எங்களுக்குத் தைரியம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை தனா தலைக்குக் குளித்து, ஒன்பது மணிக்கே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். சுற்றிலும் குடும்பங்கள் போர்வை விரித்துத் தூக்குப்போசியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. ஒரு மணி வரை பார்த்துவிட்டு, சூரமங்கலத்திலிருந்து வந்திருந்த தோழி கௌசியாவின் அம்மா, "வாம்மா, எங்ககூட உக்காரு. உங்கப்பா வர்றதுக்குள்ள எங்க பிரியாணி தீந்துரும்" என்று இழுத்துப் போனார். அப்பாவுக்கு வெங்காயம் எடுக்கும் வேலை என்று நான் தனாவிடம் சொல்லியிருந்தேன். அதற்கு அடுத்த செவ்வாய் அவள் முக்கால் மணி நேரம் அழுதாள். "உணர்ச்சிகளை வெளிப்படுத்தத் தொடங்கியுள்ளாள்" என்று எழுதினேன். உண்மையும் அதுதான்.

பிப்ரவரிக் கடைசியில் இரண்டு வெள்ளிக்கிழமைகள் அவள் பின்கேட் வரை போனாள். ஆறு மணிக்கு மெஸ்ஸுக்கு வரும் காய்கறி வண்டி பத்து நிமிடத்தில் திரும்பும். அது வெளியேறும் வரை கேட் திறந்திருக்கும். இரண்டு முறையும் கேட்டருகே நின்று வண்டி போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். மாடி ஜன்னலிலிருந்து நான் பார்த்தேன். "தூண்டுதல் இருந்தும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறாள்" என்று எழுதினேன்.

மார்ச் மூன்றாம் தேதி ஏழாவது அமர்வு.

"இந்த ஞாயித்துக்கெழமையாச்சும் அப்பா வருவாங்களா?"

"தெரியல சாமி."

"உனக்குத் தெரியும். நீதான் வர வேண்டாம்னு சொல்லியிருப்ப. மத்த புள்ளைங்க ஊட்டுக்கெல்லாம் நீதான போன் போடற?"

நான் பேனாவை மூடி வைத்தேன். அவளுக்குக் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. என்னைச் சமாதானப்படுத்துவதுபோல் பேசினாள்.

"எட்டு வாரமும் இருந்து குடுத்தரலாம்னுதான் அத்தை பாத்தேன். முடியல. வெள்ளிக்கெழம காய்கறி வண்டி போறப்ப நானும் போயிர்றேன். ரோட்டத் தாண்டிட்டா நாமக்கல் பஸ்ஸு."

"இன்னும் ஒண்ணுதான சாமி பாக்கி? செவ்வாக்கெழம வரைக்கும் இரு."

"அந்த ஒண்ண நீயே எழுதிக்க. ஏழு வாரமா அதே அழுகாச்சிதான, எட்டாவதுல என்ன புதுசாப் பேசிரப் போறேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்பாகிட்டச் சொல்ல மாட்டயில்ல? சத்தியம் பண்ணியிருக்க."

சொல்ல மாட்டேன் என்றேன்.

ரகசியம் காக்கும் விதிக்கு அடுத்த பக்கத்தில் விதிவிலக்கு இருக்கிறது. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் உடனே சொல்லிவிட வேண்டும். அந்தப் பக்கத்தையும் படித்து, அடிக்கோடும் இட்டிருந்தேன். ஆனால் யாரிடம் சொன்னாலும் அவளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஏழோடு நின்றுவிடும். மேலும், இரண்டு வெள்ளிக்கிழமை திரும்பி வந்தவள் மூன்றாவதிலும் திரும்பி வருவாள் என்று நினைப்பதில் தவறில்லை. பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, காலையில் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு மதியம் அண்ணனுக்குப் போன் செய்வதாக இருந்தேன். வந்து கூட்டிக்கொண்டு போங்கள், கோழிக்குழம்பும் கொண்டு வாருங்கள் என்று சொல்ல நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஆறேகாலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முட்டை லோடு ஏற்றி வந்த லாரி. ஓட்டி வந்தவர் பெயர் காளியப்பன், அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். "பாதி ரோடு தாண்டுன புள்ள நின்னு திரும்பிப் பாத்துதுங்க, நான் என்னங்க பண்ணுவேன்" என்று எல்லோரிடமும் சொன்னார். யாரும் நம்பவில்லை. வேகமாக வந்ததை மறைக்கிறார் என்றார்கள். வழக்கில் அவர்தான் குற்றவாளி. அவர் சொன்னதை நான் நம்புகிறேன்.

போலீஸிடம் அந்த நேரத்தில் ஸ்டடி ஹாலில் இருந்ததாகச் சொன்னேன். மூன்றாம் நாள் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா உங்கிட்ட என்ன பேசுனா அம்மிணி? எங்க மேல கோவமா இருந்தாளா? அதையாச்சும் சொல்லு" என்று கேட்டார். அவள் பேசியது ரகசியம், வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். "செரி, நீ படிச்சவ. அவளுக்குக் குடுத்த வாக்க நீயாச்சும் காப்பாத்து" என்றார். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும், நீ என்னம்மா பண்ணுவ, உன்னால என்ன பண்ணியிருக்க முடியும் என்றார்கள். அதை நான் யோசித்துப் பார்த்தேன். பதில் இருக்கிறது.

நான் ஸ்டடி ஹாலில் இல்லை. மாடி அறையில் ஜன்னலருகே குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தேன். காய்கறி வண்டி கிளம்பியது. தனா அதன் பின்னால் நடந்து போனாள். கையில் எதுவும் இல்லை. பெட்டியை விட்டுவிட்டாள். கேட்டைத் தாண்டியதும் நின்று, திரும்பி, நேராக என் ஜன்னலைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. அவளைக் கூப்பிட்டிருக்கலாம். என் குரல் மெஸ்ஸில் முந்நூறு பிள்ளைகளின் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும், கேட் அறுபது அடி தூரம்தான். அவள் நின்றது நான் கூப்பிடுவதற்குத்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. கூப்பிட்டால் வந்துவிடுவாள், ஆனால் அழுகை ஹால் முழுக்கக் கேட்கும், தலைமையாசிரியர் வருவார், அண்ணனுக்குப் போன் போகும். தானாகவே திரும்பி வந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. நேரத்தைக் குறிப்பதற்காகத் தலையைக் குனிந்தேன். ஆறு பத்து. நிமிர்ந்தபோது கேட்டில் அவள் இல்லை.

பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, அண்ணன் வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து மிச்சத்தை எழுதி முடித்தேன். முன்பக்கத்தில் உறவினர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் ஆனது. நீயே எழுதிக்கொள் என்று அவளே சொல்லியிருந்ததால் அதில் பொய் என்று எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. மறுநாள் அனுப்பினேன். மே மாதம் சேர்க்கைக் கடிதம் வந்தது. இப்போது இரண்டாவது பருவம் படித்துக்கொண்டிருக்கிறேன். தனியாக ஒரு அறை எடுத்திருக்கிறேன். இரவில் நன்றாகவே தூங்குகிறேன்.

அறிக்கையின் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. அதில் எதையும் திருத்தவில்லை. கடைசிப் பக்கம் இப்படித் தொடங்குகிறது: "எட்டாம் அமர்வு. மார்ச் 10, செவ்வாய். மாணவி சரியான நேரத்துக்கு வந்தாள்."