அலறாமல் நிறுத்தித் தந்த அண்ணலுக்கு

அர்ஜென்டினா, சாந்தா ஃபே மாகாணம், சான் எவாரிஸ்தோ நகர், பந்தயத் திடல் சாலையிலுள்ள டால்மாசோ பிரேக் பட்டறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் தோன் நசரேனோ கெர்பாவ்தோ அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உள்ளம் நெகிழ்ந்து வாசித்தளிக்கும் மடல்.

பாய்ந்து வரும் வண்டிகளைப் பணிய வைத்த பண்பாளரே! கொதிக்கும் சூட்டிலும் குணம் மாறாத கோமானே! கறுத்த கைகளும் கள்ளமில்லா நெஞ்சும் கொண்ட கண்ணியவானே! வணக்கம்.

புகழ்ந்தால் தங்களுக்குப் பிடிக்காது என்பது எங்களுக்குத் தெரியும். யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்ல வாயெடுத்தால், "போதும்ப்பா, மாத்தே ஆறுது, குடிச்சிட்டு வேலையப் பாரு" என்று மூலிகைத் தேநீர்க் குடுவையை நீட்டி வாயை அடைத்துவிடுவீர்கள். இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். சட்டம் போட்டுத் தரும் இந்த மடலைத் தாங்கள் வீட்டில் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினாலும் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

வேகமாக ஓட்டியவனை ஊர் தோளில் தூக்குகிறது. அந்த வேகம் எப்படி நின்றது என்று ஒருவரும் கேட்பதில்லை. அதைக் கேட்டே வாழ்நாளைக் கழித்தவர் தாங்கள். "எந்த பிரேக் பேட் நல்லது?" என்று வருகிறவர்களிடம் தாங்கள் பெட்டியைத் திறந்து காட்டியதில்லை. "எப்படி ஓட்டுவே? எத்தனை சுத்து ஓட்டுவே? திரும்பி வீட்டுக்குப் போறப்போ வண்டியில யாரு இருப்பா?" என்று மூன்று கேள்வி கேட்பீர்கள். மூன்றாவது கேள்விக்குப் பலர் சிரித்ததுண்டு. சிரிக்காமல் பதில் சொன்னவள் எங்களில் ஒருத்தி, உதிரிபாகக் கல்லாவில் இருக்கும் க்ரிசெல்டா.

அவள் கதையைச் சொல்லாமல் தங்களைப் பாராட்ட எங்களுக்கு வழி தெரியவில்லை. அதில் தங்கள் தவறு ஒன்றும் வருகிறது. பாராட்டு மடலில் தவறு சொல்வது மரபல்ல என்று மூத்தவர் ரெமோ முகம் சுளித்தார். ஆனால் அதை விட்டுவிட்டால் பாதி நசரேனோவைத்தான் வழியனுப்பியதாகும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் க்ரிசெல்டாவிடம் இருந்தது ஒரே ஒரு சிவப்பு வண்டி. சனிக்கிழமை திடலில் ஓடுவதும் அதுதான், மற்ற நாட்களில் குறைமாதத்தில் பிறந்த அவளுடைய கைக்குழந்தை ரொசாவுரா தூங்குவதும் அதில்தான். தொட்டிலில் போட்டால் அழுது நீலமாகிவிடும் பிள்ளை, வண்டி நகர்ந்தால் கண்ணை மூடிவிடும். கணவன் பால் லாரியோடு வாரக்கணக்கில் ஊர் ஊராகப் போகிறவன். வண்டியிலோ பந்தயத்துக்கான கடினமான பேட். திடலில் தங்கமான பேட், தெருவில் குளிர்ந்திருக்கும்போது ஒவ்வொரு சிக்னலிலும் கிறீச்சென்று அலறும். பிள்ளை விழிக்கும். தாயும் பிள்ளையும் சேர்ந்து அழுதுகொண்டே வேலைக்கு வந்து சேர்வார்கள். ஒரு திங்கட்கிழமை அவள் கல்லாவில் தலை சாய்த்து, "வண்டிய வித்துடறேன் தோன் நசரேனோ. எனக்குன்னு இருந்தது அந்தச் சனிக்கிழமை ஒண்ணுதான். பரவாயில்ல" என்றாள்.

"விக்காதே தாயி. சத்தம் போடாத பேட் நான் பாக்கறேன்" என்றீர்கள்.

பார்த்தீர்கள். பிள்ளை தூங்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில் பார்த்தீர்கள். மென்மையான பேட் ஒன்றைத் தேர்ந்து மாட்டினீர்கள். அன்றிலிருந்து சிக்னல்களில் சத்தமில்லை, ரொசாவுரா தூங்கினாள். சனிக்கிழமையும் வந்தது.

பேட் மாட்டியவர், அந்த வண்டி முதன்முதலாகத் திடலில் ஓடும்போது ஓட்டுநரின் பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டும் என்பது இந்தப் பட்டறையின் வழக்கம். தன் கைவேலைக்குத் தன் உடம்பையே பணயம் வைக்கிற வழக்கம். அதுவரை அதை ஒரு முறைகூடத் தாங்கள் மீறியதில்லை. அன்று மட்டும் மீறினீர்கள். ரொசாவுரா தங்கள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். வேறு கைக்கு மாற்றினால் எழுந்துவிடுவாள் என்று பயந்தீர்கள். "நீ போயிட்டு வா பொண்ணே, நான் இவள வச்சிருக்கேன்" என்று அனுப்பிவிட்டீர்கள்.

நான்காவது சுற்றில், நேர்பாதையின் முடிவில், க்ரிசெல்டா பிரேக்கை மிதித்தாள். மிதி கல்லாய்க் கெட்டியாக நின்றது, வண்டி நிற்கவில்லை. சூடேறிய பேட் பிடிப்பை விட்டுவிட்டது. சரளைக்கல்லில் இறங்கிச் சுழன்று, டயர்ச் சுவரில் பின்பக்கம் மோதி நின்றாள். காயமில்லை. ஆனால் கதவைத் திறக்கக் கை வரவில்லை அவளுக்கு. பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது. அதற்குமேல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

ஆட்கள் கூடிவிட்டார்கள். "லேட்டா மிதிச்சிட்டா." "பிள்ளை பெத்தவளுக்கு எதுக்கு இந்த வேலை?" வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். தாங்கள் குழந்தையை மார்போடு அணைத்தபடி சரளையில் கால் புதையப் புதைய நடந்து வந்தீர்கள். வந்ததும் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னீர்கள்:

"அவ சரியாத்தான் மிதிச்சா. தப்பு என்னோடது. வீட்டுக்குப் போற வண்டிக்கு மாட்டினேன், திடலுக்கு மாட்டல. பக்கத்துல உக்காந்திருந்தா ரெண்டாவது சுத்துலயே பேட் கருகுற வாடை வந்திருக்கும், நிறுத்தச் சொல்லியிருப்பேன். உக்காரல."

அத்தோடு விட்டீர்களா? திங்கட்கிழமை கருவிப் பெட்டியைப் பூட்டிச் சாவியை முதலாளி மேசையில் வைத்து, "இனிமே நான் பேட் மாட்டறதா இல்ல" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டில் பழைய டிஸ்க்குகளைத் துடைக்க உட்கார்ந்துவிட்டீர்கள். முதலாளி கெஞ்சிப் பார்த்தார், ரெமோ திட்டிப் பார்த்தார். தாங்கள் அசையவில்லை. மூன்று வாரம் இந்தப் பட்டறை எழவு வீடாகக் கிடந்தது. அவள் வண்டி பின்கட்டில் நசுங்கியபடி நின்றது. அவளும் விற்கவில்லை, தொடவும் இல்லை.

நான்காம் வாரம் க்ரிசெல்டா அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு தங்கள் முன் வந்து நின்றாள்.

"மாட்டுங்க."

"வேற யார்கிட்டயாவது போ பொண்ணே. ரெமோ மாட்டுவான்."

"ரெமோ மாட்டினா நான் ஏற மாட்டேன்."

"நான் மாட்டித்தானே சரளைக்குள்ள போனே?"

"போனேன். அன்னிக்கு அத்தனை பேரும் என்னைச் சொன்னாங்க. நானே என்னைச் சொல்லிக்க இருந்தேன். நீங்க ஒருத்தர்தான் உள்ளதச் சொன்னீங்க. பொய் சொல்லாத கை எனக்கு வேணும். மாட்டப் போறீங்களா, இல்ல நான் இங்கயே உக்காந்து அழட்டுமா?"

தூரத்திலிருந்து ரெமோ, "மாட்டிடுய்யா, ரெண்டு பேர் அழுதா தரை வழுக்கும்" என்றார். தாங்கள் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்தீர்கள்.

வண்டியின் நசுங்கிய பின்பக்கத்தை நாங்கள் நிமிர்த்தித் தந்தோம். அந்த முறை தாங்கள் செய்த வேலையை எல்லோரும் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்தோம். திடலின் சூட்டைத் தாங்குவதாகவும், குளிரிலும் முதல் மிதியிலேயே பிடிப்பதாகவும் பன்னிரண்டு வகைகளைப் பரிசோதித்து ஒன்றைப் பொறுக்கினீர்கள். பழைய பேட் டிஸ்க்கில் விட்டுப்போன படிவை அடியோடு தேய்த்தெடுத்தீர்கள். பேட்டின் ஓரங்களைச் சரிவாக அரத்தால் ராவினீர்கள். முதுகில் அதிர்வு தாங்கும் தகடு வைத்தீர்கள். கிரீஸை முதுகுக்கும் நகரும் முனைகளுக்கும் மட்டும் தடவி, உராயும் முகத்தில் ஒரு பொட்டுக்கூடப் படாமல் காத்தீர்கள். ஊருக்கு வெளியே பால் பண்ணைச் சாலையில் மெல்ல மெல்ல வேகம் கூட்டி, மிதித்து, முழுதும் நிறுத்தாமல் விட்டு, மறுபடி மிதித்து, ஆற ஓட்டிப் பேட்டை டிஸ்க்கோடு பழக்கினீர்கள். சனிக்கிழமை ரொசாவுராவை ரெமோவின் கையில் கொடுத்தீர்கள். அவள் விழித்தாள், வீறிட்டு அழுதாள். தாங்கள் திரும்பிப் பார்க்காமல் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறினீர்கள்.

முதல் சுற்றில் நேர்பாதையின் பாதியிலேயே க்ரிசெல்டா பிரேக்கை மிதித்துவிட்டாள். இரண்டாவதிலும் அப்படியே. கால் அவள் சொன்னபடி கேட்கவில்லை. அழுகை வந்தது. "என்னால முடியல" என்றாள்.

"தெரியுது. எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றீர்கள். "ஆனா இது நான் மாட்டினது. நானும் உள்ளதான் இருக்கேன். ரெண்டு பேரும் சேந்து பயப்படுவோம், ஓட்டு."

ஐந்தாவது சுற்றில் அவள் வளைவுக்கு முந்தைய நூறு மீட்டர் பலகைவரை காலைத் தூக்காமல் வந்து, அங்கே மிதித்தாள். வண்டி நேராக, கட்டுக்குள் அடங்கியது. ஆறாவதிலும் அடங்கியது. பன்னிரண்டாவதிலும் அடங்கியது. ஆறவிட்டு அவர்கள் உள்ளே திரும்பி வந்து எங்கள் முன் நின்றபோது ஒரு கிறீச்சுகூட இல்லை. க்ரிசெல்டா இறங்கிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். தாங்கள் இறங்க வெகுநேரமானது, யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஐயா, அன்று தாங்கள் ஏறியிருக்காவிட்டால் தங்கள் பணி நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, பின்கட்டில், யாரும் இல்லாத இடத்தில் முடிந்திருக்கும். அவளுக்குச் சனிக்கிழமைகள் இருந்திருக்காது. எங்களுக்குத் தவறை ஒப்புக்கொள்ளும் துணிவு இருந்திருக்காது. இந்த நான்கு ஆண்டுகளில் இங்கே யார் கை பிசகினாலும், "என் தப்பு" என்று முதலில் சொல்கிற பழக்கம் வந்துவிட்டது. தங்களிடமிருந்து வாங்கிய எதையும் விட அதையே பெரிதாக எண்ணுகிறோம்.

தேய்ந்த முழங்காலுக்கு ஓய்வும், தேயாத மனத்துக்கு மகிழ்வும் கிடைக்கட்டும். துணைவியார் தோன்யா எல்விராவோடு நோயின்றி நூறாண்டு வாழ்க. காலை மாத்தே ஆறாமல் குடிக்கும் நேரம் இனியாவது வாய்க்கட்டும்.

இந்த மடலை வாசிப்பவள் க்ரிசெல்டா. இந்த இடத்துக்கு வரும்போது அவள் குரல் உடைந்துவிடும் என்று எங்களுக்கு முன்பே தெரியும். ஆகவே கடைசி வரியை அவளிடம் கொடுக்கவில்லை. எல்லோரும் எழுந்து நின்று சேர்ந்து வாசிக்கிறோம்:

பயந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்தீர்களே, தோன் நசரேனோ, அதற்காக நன்றி.

இங்ஙனம்,
டால்மாசோ பிரேக் பட்டறைப் பணியாளர்கள்,
சான் எவாரிஸ்தோ.