நாலாவது பாட்டில் மூன்று தடவை

— அண்ணி, ஊசியைக் கீழ வைங்க. மணி மூணேகால். நாலு மணிக்கு ரேடியோ ஸ்டேஷன்ல இருக்கணும். நீங்க என்னடான்னா யார் சட்டைக்கோ பட்டன் தைச்சுட்டு உக்காந்திருக்கீங்க.

— கை சும்மா இருந்தா எனக்கு வாய் வராது வாண்டு. நீ கேளு, சொல்லிப் பாக்கறேன். 'எனக்குப் பிடிச்ச ஆல்பம்'னு மூணே நிமிஷம் தராங்களாம். எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்? ரெக்கார்டு அட்டையிலேருந்தா?

— அட்டையைப் பத்தி யார் கேட்டா?

— நல்லா கேட்டே. மஞ்சக் கோட்டைப் போட்டுக்கிட்டு, பாடற அந்தப் பிரெஞ்சுக்காரி பெட்டி மேல உக்காந்திருக்காளே, அந்தத் தோள்பட்டைத் தையலைப் பாத்துத்தான் எனக்கு அவ மேல மரியாதையே வந்துச்சு. பதினெட்டு வருஷமா தையல் கடை வச்சிருக்கேன், அப்படி ஒரு தோள் என் கையில இன்னும் விழலை.

— சரி, சரி. பாட்டுக்கு வாங்க.

— முதல் பாட்டு கைத்தட்டலோட போகும், மெஷின் மிதிக்கத் தோதா. ரெண்டாவதுல சீட்டியடிப்பா. மூணாவது, சொல்லக் கூடாது, கொஞ்சம் இழுவை.

— ரசிகைன்னு போயி உக்காந்துட்டு குறை சொல்லுவீங்களா?

— பிடிச்சவங்களைத்தானே குறை சொல்ல முடியும்? உங்கண்ணனைக் கேளு.

— அதுவும் சரிதான். பிரெஞ்சுல ஒரு வார்த்தை தெரியாதே உங்களுக்கு. அர்த்தம் கேட்டா?

— தெரியாதுன்னு சொல்லிட்டு நேரா நாலாவது பாட்டுக்குப் போயிடுவேன். அதைச் சொல்லத்தானே போறேன். நடுவுல ஒரு வரியை மூணு தடவை சொல்லுவா பாரு. மெல்லிசா, ஒரே மாதிரி மூணு தடவை. கோவிச்சுக்கிட்டவங்ககிட்ட வாசல் வரைக்கும் போயிட்டு, திரும்பி வந்து, திரும்பி வந்து சொல்ற மாதிரி. ஆனா நாலாவது தடவை சொல்ல மாட்டா. அடுத்த வரிக்குப் போயிடுவா.

— அண்ணி, அதை மட்டும் சொல்லாதீங்க. அட்டையோட நிறுத்திக்கோங்க.

— அதுதானே விஷயமே. கல்யாணமாகி வந்த புதுசுல நீ ஒரு வருஷம் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசினியா? பதினாலு வயசு, எப்பப் பாரு மூக்கு நுனியில கோவம். இந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் பழகிக்கிட்டேன். சாப்பிட வான்னு மூணு தடவை கூப்பிடுவேன். வரலையா, மூடி வச்சிட்டு என் வேலையைப் பாக்கப் போயிடுவேன். ஒரு நாள் ரெண்டாவது தடவையிலயே வந்து உக்காந்தே. ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— அன்னிக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதைத்தான் சொல்லப் போறேன். முடிச்சதும் அந்தப் பாட்டையே போடுவாங்களாம்.

— நம்ம ரெக்கார்டையா?

— இல்லை, அவங்ககிட்டயே ஒண்ணு இருக்காம்.

— ஐயோ அண்ணி. அவங்களதுல மூணு தடவை வராது. ஒரு தடவைதான் வரும். நான் போன்ல கேட்டுப் பாத்திருக்கேன்.

— ஏன், அது வேற யாராவது பாடினதா?

— அவளேதான். நம்ம ரெக்கார்டுல கீறல் இருக்கு. முள்ளு அங்க மாட்டிக்கிட்டு மூணு சுத்து அங்கேயே சுத்திட்டுத்தான் தாண்டுது. வீட்டுல வேற ரெக்கார்டே கிடையாது, யாருக்குத் தெரியும்?

— கீறலா? உங்கண்ணன் கல்யாணப் பரிசா கடையிலேருந்து புதுசா வாங்கினதாச்சே. பிரிச்சதே நான்தான்.

— உங்களுக்கு முன்னாடி நான் பிரிச்சேன். அதுவரைக்கும் அண்ணன் எது வாங்கினாலும் எனக்குத்தான் வாங்குவான். ஜியாமெட்ரி பாக்ஸ்லேருந்து காம்பஸை எடுத்து ஒரு சின்ன இழுப்பு இழுத்தேன். பழையபடி ஒட்டி வச்சிட்டேன். பாட்டே வராதுன்னு நினைச்சேன் அண்ணி. இத்தனை வருஷமா சொல்ல வாயே வரலை. இன்னிக்கு ஊரு கேட்டு உங்களைச் சிரிச்சா என்னால தாங்க முடியாது. ஏதாவது சொல்லுங்க. திட்டவாவது செய்யுங்க.

— கத்தரியைக் கொடு, நூலை வெட்டணும்.

— அண்ணி.

— அந்த ரெக்கார்டை எடுத்து உறையில போடு. பாத்து, கீறல்ல கை படாம.

— எதுக்கு?

— ரேடியோக்காரங்களுக்குப் போனைப் போட்டு, நம்மளதையே கொண்டு வரோம்னு சொல்லு. அவங்களதுல நீ இல்லையே.