பதினாலாவது கேள்வி

— கட்டத்துக்குள்ள விரலை வச்சு ஒரு கிறுக்கு கிறுக்கு, மைக்செட்டு! அஞ்சு மணிக்கு விண்ணப்பம் மூடிடும். இன்னும் பன்னிரண்டே நிமிஷம்!

— போனை அந்தப் பக்கம் எடு, டெய்லரக்கா. ஒலி அமைப்புக்கு என் பேரைப் போடச் சொல்லி நான் உன்கிட்ட கேட்டேனா?

— தெருவுல வேற மைக்செட் யார் இருக்கா? வெள்ளத்துக்கு அப்புறம் தெருவிழா நடத்த கவர்மெண்ட்ல நிதி தர்றாங்க. சங்கச் செயலாளர்னு நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன்? ஒரு சாயங்காலமாவது ஜனம் வெளியே வந்து பாட்டுக் கேக்கட்டுமே.

— எந்த ஜனம்? பாதி வீடு பூட்டு. மீதி வீட்டுச் செவுத்துல சேத்துக்கோடு. யாருக்குப் பாட்டு, பூட்டுக்கா?

— வாய் மட்டும் குறையலை உனக்கு.

— தொழில்தான் போச்சே. ஆம்ப்ளிஃபயரைத் தொட்டே பாக்கலை. ஒரு வருஷமா அது பரண்ல கிடக்கு... இரு. எல்லாத்தையும் நிரப்பிட்டு, பதினாலை மட்டும் ஏன் காலியா விட்டிருக்கே?

— அது கிடக்கட்டும். நீ கையெழுத்தைப் போடு.

— 'கடைசியாக நடத்திய நிகழ்ச்சி. அதில் நேர்ந்த அசம்பாவிதம்.' நான் சொல்றேன், எழுதிக்கோ. ஆத்துத் தண்ணி வருதுன்னு நீ மேடைக்கு ஓடி வந்தே. எல்லாரையும் மேட்டுக்குப் போகச் சொல்ல நான் மைக்கைப் பிடிச்சேன். கரண்டு போச்சு. பேட்டரி எடுத்து வராத ஒரு மடையனால, சேதி காதுல விழாம வீட்லயே இருந்த கீழ்த்தெரு ஜனம் ஏழு பேர் வெள்ளத்துல போயிட்டாங்க.

— தம்பி...

— அதுல ஒருத்தி என் மாமியார். என் பொண்டாட்டி சோத்தை வச்சுட்டு உள்ளே போயிடுறா. முகம் பாத்துப் பேசி வருஷமாச்சு.

— உன் தப்பு இல்லடா.

— எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. சொல்லிட்டு வேற பக்கம் பாக்குறாங்க. இப்ப நீயும் தையல் மெஷினைப் பாத்துக்கிட்டுதான் சொல்றே.

— நாலு நிமிஷம்தான் இருக்கு.

— மைக்செட்டுக்காரன் தப்புன்னு எழுது. உடனே போடறேன்.

— அப்படி என்னால எழுத முடியாது.

— ஏன், நிதி கிடைக்காதுன்னு பயமா?

— நிதி நாசமாப் போகட்டும். அன்னிக்குக் கரண்டு எத்தனை மணிக்குப் போச்சு?

— ஏழே கால். செத்தாலும் மறக்காது.

— தண்ணி திறந்துட்டோம்னு அணைக்கட்டு ஆபீஸ்லேருந்து எனக்குப் போன் வந்தது ஆறு அம்பதுக்கு. நான் தச்சுக் குடுத்த டிரஸ்ல பசங்க ஆடிக்கிட்டிருந்தாங்க. ஆட்டம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு உக்காந்திருந்தேன். அப்போ உன் மைக் நல்லாத்தான்டா பாடிக்கிட்டிருந்தது.